முன்கூட்டியே வாங்கிய கையெழுத்து

போன வாரம் ரேவதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். கரடியூரைத் தாண்டி நான் கடைசியாகத் தலைமை ஆசிரியராக இருந்த தொடக்கப்பள்ளிக்கு இப்போது அவள்தான் தலைமை ஆசிரியர். பள்ளி திறக்கும் தேதி, புதுப் புத்தகம், சீருடை, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் ரோஜாப்பூ போட்ட ஒரே அறிவிப்பாக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். கூடவே எனக்கு ஒரு குரல் செய்தி.

"டீச்சர், எல்லாரும் பாத்துட்டாங்க, நீல டிக் வந்துருச்சுங்க. ஆனா கூட்டத்துக்கு நாலே பேருதான் வந்தாங்க. உங்க காலத்துப் பதிவேட்டுல மட்டும் எப்படிங்க பக்கம் பக்கமாக் கையெழுத்து இருக்குது?"

நீல டிக் என்று கேட்டாலே எனக்கு ஒரு திங்கட்கிழமை ஞாபகம் வரும். கையெழுத்து பற்றி அவள் கேட்டதும் அதைவிட மோசம். ஃபோனில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. எழுதியே கொடுத்துவிடுகிறேன், அவள் என்னைப் பற்றி வைத்திருக்கும் நல்ல எண்ணம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

முப்பத்து மூன்று வருஷம் சேலத்துக்கு மேலே இந்த மலையில் பாடம் நடத்தினேன். ஆசிரியர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சார்ட் ஒட்டினோம், அபிநயத்தோடு பாட்டுப் பாடினோம், பாடக்குறிப்பு எழுதி எழுதி விரல் காய்த்தது. பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று மட்டும் ஒருவரும் சொல்லித்தரவில்லை. முதல் வேலை வெள்ளக்கடைப் பக்கம். ஒரு பையன் ஒரு வாரமாக வரவில்லையே என்று அவன் வீட்டுக்குப் போனால், அவன் அம்மா என் சேலைத் தலைப்பைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகக் காபித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டாள். டீச்சர் வருகிறாள் என்றால் ஏதோ புகார் என்று அர்த்தம். இவர்களைப் பள்ளிக்கூடத்துக்குள் வரவைப்பதுதான் உன் வேலை ஸ்டெல்லா, மற்றதெல்லாம் பிறகு என்று அன்றைக்கே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தேன். அந்தப் பெயர்தான் பின்னால் வினையாக வந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். சத்துணவு அரிசியில் வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெஞ்சுக்கு அடியில், மூலையில் கிடக்கும் பாய்ச் சுருளில், கழிப்பறைக் கதவுக்குப் பின்னால், எங்கேயும் பாம்பு இல்லை என்று கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏற்றிய புத்தகக் கட்டு கரடியூரில் இறங்கிவிட்டதா என்று கண்டக்டருக்கு ஃபோன் மேல் ஃபோன் போடுவேன். இதெல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருப்பது, எல்லாப் பெற்றோருக்கும் தேதியைச் சொல்வது. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு, காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது எஸ்டேட் கணக்குப்பிள்ளையான ரைட்டர் வாயால் சொல்லச் சொல்வேன். மற்றவர்களுக்குக் கடைக்காரர் சொல்வார். செல்போன் வந்த பிறகு வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொண்டது.

சொன்னால் போதாது, சொன்னதற்குச் சாட்சி வேண்டும். அதற்குத்தான் அறிவிப்புப் பதிவேடு. மேலே அறிவிப்பை எழுதி, கீழே பெற்றோர் கையெழுத்தை வாங்க வேண்டும். மே மாதம் முழுக்க அவர்கள் ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள், எங்கே போய்த் தேடுவது? அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி நாள் மிட்டாய் கொடுப்போம், எல்லா அம்மா அப்பாவும் வருவார்கள். அன்றைக்கே அடுத்த பக்கத்தின் மேல்பாதியைக் காலியாக விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியில் கையெழுத்து வாங்கிவிடுவேன். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குங்க, இங்க ஒண்ணு போட்ருங்க" என்பேன். ஜூனில் தேதி வந்ததும் மேலே எழுதிக்கொள்வேன். பிறகு கூட்டங்களுக்கும் அதே வழக்கமாகிவிட்டது. ஒரே மூச்சில் நாலு பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கிய நாளும் உண்டு. இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. என்னை மாதிரி செய்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், கேட்டால் வருத்தப்படுவீர்கள்.

எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் பதிவேட்டுப் பிரியர். ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகளைப் பார்க்கமாட்டார், அலமாரியைப் பார்ப்பார். சர்க்கரை போடாத டீயை ஆறவைத்துவிட்டு, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். எந்தப் பக்கமாக இருந்தாலும் சத்தமாக வாய்விட்டு வாசிப்பார், தமிழ் வாசிக்கப் பழகும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. கையெழுத்து ஒன்று குறைந்தால், "அம்மா, இந்த இடம் காலியா இருக்குதே" என்பார், அவ்வளவுதான். அந்த 'அம்மா'வுக்குப் பயந்து லீவு போட்ட ஆசிரியர்கள் உண்டு. என்னுடைய பதிவேட்டைப் பார்த்துவிட்டு மட்டும், "பெற்றோர் பங்களிப்புன்னா இப்படி இருக்கணும்" என்று மற்ற பள்ளிக்காரர்களிடம் சொல்வார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

பள்ளிக்கு மேலே காபித் தோட்டத்தைத் தாண்டி ஒன்றரை மைல் ஏறினால் மேல்காடு. ஒன்பது வீடு. அங்கிருந்து எனக்கு ஐந்து பிள்ளைகள். வழியில் காட்டெருமை நடமாட்டம் உண்டு என்பதால் பெற்றோர் முறைவைத்து ஆளுக்கொரு நாள் கூட்டி வர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தேன். எட்டு மணிக்கு எஸ்டேட்டில் ஆள் கணக்கு எடுத்துவிடுவார்கள், தாமதமாகப் போனால் வேலை இல்லை. அதனால் முறைக்காரர் பாலம் வரைக்கும் வந்துவிட்டு எஸ்டேட்டுக்குத் திரும்பிக்கொள்ளலாம், பாலத்திலிருந்து பள்ளிக்கூடத்து ஓடு தெரியும், பிள்ளைகள் தாங்களே வந்துவிடுவார்கள். நான் எட்டுக்கே வந்து கதவைத் திறந்து வைத்திருப்பேன். இரண்டு வருஷம் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் நடந்தது.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்த ஜூன் மாதம் அது. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, மேல்காட்டுக்கு ரைட்டர் மூலமாகவும் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் செய்தி ஓடுகிறது, வெயில் கடுமையாக இருப்பதால் திறப்பு ஒரு வாரம் தள்ளிவைப்பு என்று. கீழே சேலத்தில் வெயில் மண்டையைப் பிளந்ததென்னவோ நிஜம். எங்கள் மலையில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தச் செய்தியைப் பார்த்தேன்.

உடனே குழுவில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு, ரைட்டர் ஊரில் இல்லை. மேல்காட்டில் குழுவில் இருந்தது ஒரே ஒரு ஃபோன், ஒரு பிள்ளையின் சித்தப்பாவுடையது. அவர் பெயருக்கு நேராக நீல டிக் விழுந்ததா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஏழு மணிக்கு விழுந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் வரை போய், யாரிடமாவது சொல்லி அனுப்பலாமா? மழை தூறிக்கொண்டிருந்தது. டிக் விழுந்துவிட்டதே, இனி என்ன என்று ரசத்தை அடுப்பில் வைத்தேன்.

அந்தச் சித்தப்பா வெள்ளக்கடையில் ஒரு தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தார். புதன்கிழமைதான் ஊருக்கு வருவார். செய்தியைப் பார்த்தார், சரி என்று ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மேல் என்ன தப்பு சொல்வது?

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பள்ளிக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரர் ஃபோன் செய்தார்.

"டீச்சரம்மா, ஊட்டுல இருக்கறீங்களா? மேல்காட்டுப் புள்ளைங்க நாலு பேரு கடை முன்னாடி அழுதுட்டு நிக்குதுங்க."

"நாலு பேரா? அஞ்சு பேருங்க."

"நாலுதானுங்க இருக்குது."

வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் பனிமூட்டம், முகப்பு விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஐந்து பேருடைய பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். நாலு பேரில் யார் இருக்கக்கூடாது என்று நினைத்தாலும் பாவம், யார் இருக்க வேண்டும் என்று நினைத்தாலும் பாவம். போய்ப் பார்த்தால் கோகிலா இல்லை. மூன்றாம் வகுப்பு. அன்றைக்கு முறை அவள் அப்பா வெள்ளையனுடையது.

பிள்ளைகள் விக்கி விக்கிச் சொன்னதைக் கோத்துப் பார்த்தேன். வெள்ளையன் வழக்கம்போல் பாலத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பனியில் ஓடு தெரியவில்லை. பிள்ளைகள் வந்து பூட்டைப் பார்த்திருக்கிறார்கள். கடையும் அப்போது திறக்கவில்லை. குளிரில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கே போய்விடலாம் என்று ஐந்து பேரும் தனியாக மலை ஏறியிருக்கிறார்கள். தோட்டத்து வளைவில் எதிரே காட்டெருமை. நாலு பேர் கீழே ஓடி வந்துவிட்டார்கள். கோகிலா தோட்டத்துக்குள் ஓடியதைப் பார்த்ததாகக் கடைசிப் பையன் சொன்னான்.

எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பினேன். வேலையை நிறுத்திவிட்டு இருபது பேர் வந்தார்கள். நானும் காபிச் செடிகளுக்குள் நுழைந்து, "கோகிலா! கண்ணு! டீச்சர் வந்திருக்கேன் சாமி!" என்று கத்திக்கொண்டே போனேன். செடியிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த எல்லா ஜெபத்தையும் சொன்னேன், பாதியில் வார்த்தைகள் மறந்துபோயின. மதியம் ஒரு மணிக்கு மேல்தான் வெள்ளையனுடைய குரல் கேட்டது. கல் கட்டுச் சுவருக்குக் கீழே, மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில் கிடந்தாள். உயிர் இருந்தது. இடது தொடை எலும்பு முறிந்து கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது, "பையைத் தொலைச்சிட்டேம்பா" என்பதுதான்.

எஸ்டேட் ஜீப்பில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அவள் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் மதியம் அலுவலர் ஃபோன் செய்தார். "அம்மா, மேலிடத்துல கேக்கறாங்க. பெற்றோருக்குத் தகவல் சொல்லியாச்சா?"

"குழுவில் போட்டேனுங்க ஐயா."

"குழு கிடக்கட்டும். அறிவிப்புப் பதிவேட்டுல கையெழுத்து இருக்குதா?"

"கையெழுத்து இருக்குதுங்க ஐயா."

"அப்ப உங்களுக்குப் பயமில்ல. வியாழக்கிழமை நானே வந்து பாக்கறேன்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பதிவேட்டை எடுத்து வந்து சமையல்கட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். ஏப்ரலில் வாங்கிய கையெழுத்துகள் கீழே வரிசையாக இருந்தன. மேல்பாதி வெள்ளையாக இருந்தது. திறப்புத் தேதியை இன்னும் எழுதியிருக்கவில்லை, அன்றாடம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தேன். முப்பது வருஷ வேலை, கடைசி நேரத்தில் சஸ்பெண்ட் என்று பெயர் வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? வழக்கமாகப் பதிவேட்டுக்குப் பயன்படுத்தும் அதே நீல மைப் பேனாவை எடுத்தேன். 'பள்ளி திறப்பு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்ட விவரம் ஞாயிறு மாலை பெற்றோர்களுக்கு நேரில் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய கை, எதையும் அழகாக எழுதிவிடும்.

வியாழக்கிழமை பூட்டியிருந்த பள்ளியைத் திறந்து, பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். மேல்காட்டிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். கோகிலாவின் அம்மா சின்னப்பொண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவள், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஓரமாக நின்றாள். அலுவலர் டீயை ஆறவைத்தார். விரலைத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். நான் எழுதியதை ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தார். பிறகு கையெழுத்துகளில் விரலை வைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"வெள்ளையன்ங்கறது யாருப்பா? இது உன் கையெழுத்துதானா, வந்து பாரு."

வெள்ளையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். பெயர் எழுதத் தெரியும், மேலே இருப்பதை வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"என்ற கையெழுத்துதானுங்க."

"ஞாயித்துக்கிழமை டீச்சர் சொல்லியும் ஏன் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்தே?"

அவர் என்னைப் பார்த்தார். என்மேல் சந்தேகப்பட்டுப் பார்த்த பார்வை இல்லை அது. தன்மேலேயே சந்தேகப்பட்டுப் பார்த்தார்.

"டீச்சர் எழுதியிருந்தா சொல்லித்தானுங்க இருப்பாங்க. எனக்குத்தான் ஞாவகமில்லாமப் போச்சாட்ட இருக்குது. நாந்தாங்க எம்புள்ளயக் கொண்டுபோயி..." துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சின்னப்பொண்ணு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நாலு நாளாக ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கொருத்தர் துணையாக உட்கார்ந்திருந்தவர்கள். அந்தப் பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

உடனே எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. அலுவலர் தன் அறிக்கையில் இரண்டு வரி எழுதி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பெற்றோரின் கவனக்குறைவு என்று அவர் எழுதியதை உரக்க வாசித்தபோதுதான், எனக்கே தெரியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

"ஐயா, அவருக்கு யாரும் சொல்லலீங்க. கையெழுத்து ஏப்ரல்ல வாங்குனது. மேல இருக்கறத நான் செவ்வாய்க்கிழமை எழுதினேன்."

அலுவலர் பேனாவை மூடினார். ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "அம்மா, இத எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே" என்றார், அதே மெல்லிய குரலில். அறிக்கையைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் மெமோ வந்தது. விசாரணை நடந்து, என் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. அது ஏறியபோது எனக்கு வலிக்கவே இல்லை.

வலித்தது அன்றைக்கு அவர் போன பிறகு நடந்ததுதான். எல்லாரும் எழுந்து போனார்கள். வெள்ளையன் மட்டும் போகவில்லை. சத்தம் போடுவார், கை ஓங்கினாலும் ஓங்குவார் என்று நினைத்துச் சுவரோரமாக நின்றேன்.

"ஏனுங்க டீச்சர், இது மாதிரி நான் நெறையாக் கையெழுத்துப் போட்டிருக்கறனுங்களே. அதுக்கெல்லாம் மேல என்னங்க எழுதியிருக்குது?"

பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அவர் எதிரே தரையில் குந்திக்கொண்டார், சின்னப்பொண்ணு கதவில் சாய்ந்து நின்றாள். பெண்கல்வி பற்றிப் பேசப்பட்டது, குடிநீர் பற்றிப் பேசப்பட்டது, பெற்றோர் மகிழ்ச்சி தெரிவித்தனர் என்று வாசிக்க வாசிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஒன்றும் பேசப்படவில்லை, யாரும் மகிழ்ச்சி தெரிவிக்கவில்லை. நடுவில் ஒரு பக்கம் வந்தது. அலுவலகத்திலிருந்து அன்றைக்கே பதில் வேண்டும் என்று அவசரமாகக் கேட்ட ஒரு படிவத்துக்காக எழுதியது. எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. 'மேல்காட்டுப் பிள்ளைகளைப் பெற்றோர்களே முறைவைத்துச் சிறப்பாக அழைத்து வருவதால், அரசு வழங்கும் வாகன வசதி தேவையில்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

"அதைய இன்னொருக்காப் படிங்க டீச்சர்."

படித்தேன்.

"வண்டி வருமுங்களா?"

"கேட்டிருந்தா வந்திருக்குமுங்க."

"வேண்டாம்னு நான் சொன்னனுங்களா?"

"நீங்க சொல்லல. நாந்தான் எழுதினேன்."

வெள்ளையன் எழுந்தார். சின்னப்பொண்ணுவின் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் போனார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

வண்டி வர ஒரே ஒரு தாள்தான் வேண்டியிருந்தது. புதுத் தீர்மானத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னதை எழுதி அனுப்பினேன். ஆடி முடிவதற்குள் மேல்காட்டுக்கு ஜீப் வந்துவிட்டது. கோகிலா நாலு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். இடது கால் முன்போல மடங்காது, அதனால் அவளுக்கு முன் சீட்டு. நான் ஓய்வு பெறும் நாள்வரை காலையில் அவளைத் தூக்கி இறக்கியதும் சாயங்காலம் ஏற்றிவிட்டதும் நான்தான். ஜீப்போடு வரும் நாட்களில் வெள்ளையன் பின்சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் நன்றி என்று சொன்னதில்லை, ஒரு நாளும் இறங்கிவந்து கைகொடுத்ததுமில்லை. அவர் அப்படி இருந்ததுதான் சரி.